பதினெட்டு ஜோடி பூட்ஸ்

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்லன் அத்தான் வீட்டுக்கு வந்தபோது மரத்தின் உறுதியைக் குத்திப் பார்க்கும் அவருடைய குத்தூசியின் நுனியில் மரத்தூள் ஒட்டியிருந்தது. தூள் என்று எழுதியது சரியில்லை. பாலில் ஊறிய பிஸ்கட் மாதிரி ஈரமாக, கறுப்பாக இருந்தது. அவர் அதைத் துடைக்காமல் சாப்பாட்டு மேஜை மேலேயே வைத்தார். அக்கா கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அது என்ன, சாப்பிடற இடத்துல?"

"சங்க வீட்டோட பின்பக்க மரமாடி. அதோட கால்."

"காலா? களி மாதிரி இருக்கு."

ஏப்ரல் முதல் வாரம். ஏரிக்காற்று சந்து சந்தாக நுழைந்து வந்தது. மழை நின்றிருந்த நேரத்திலும் சிகாகோவின் செங்கல் சுவர்கள் காயவில்லை. அக்கா ஷரீஸ் காலையிலிருந்து எழுபத்தொன்பதாம் தெரு பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்திருந்தாள். யூனிஃபார்ம் சட்டைக்கு மேலேயே சமையல் துணியைக் கட்டியிருந்தாள். நான் ஸ்பெகட்டிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். அன்றைக்கு எனக்கு வகுப்பு இல்லை. மாலைக் கல்லூரியில் நீதிமன்றச் சுருக்கெழுத்து படிக்கிறேன். நிமிஷத்துக்கு நூற்றிருபது சொல்லைத் தாண்ட முடியவில்லை. அதனால் வீட்டில் யார் பேசினாலும் பழக்கத்துக்காக எழுதிக்கொள்வேன். அன்றைக்குப் பேசியவர்களில் ஒருவர் வக்கீல், வேகமாகப் பேசுவார். சில சொற்கள் விட்டுப்போயிருக்கும்.

அந்த வக்கீல் பெயர் காரிசன் டுபோஸ். சங்கம் என்றால், கல்லூரியில் சேர்ந்து ஆயுள் முழுக்கத் தொடரும் சகோதரர் சங்கம். அதன் சிகாகோ கிளைக்கு அவர்தான் தலைவர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கல்லூரியில் ஆறு பேர் ஒரே வரிசையில் நெஞ்சும் முதுகும் ஒட்டி நின்று சங்கத்தில் சேர்ந்தார்கள். வரிசை உயரப்படி. குள்ளமானவர் முன்னால், உயரமானவர் கடைசி. முன்னால் நின்றவர் பின்னால் நின்றவருக்குச் சாகும்வரை அண்ணன். காரிசனுக்கு ஐந்தடி நாலங்குலம்தான், அதனால் மற்ற ஐந்து பேருக்கும் அவர் மூத்தவர். ஆர்லன் அத்தான் வரிசையின் வால். அவருக்கு முன்னால் நின்றவர் வெண்டெல் ஹேய்ஸ். சங்கத்தில் சேரும் முன் நடந்த பயிற்சியில் அந்த வெண்டெலின் பிடரியை ஏழு வாரம் பார்த்துக்கொண்டு நின்றதில், இருட்டில் தடவினாலும் அடையாளம் சொல்லுவேன் என்பார் அத்தான். வெண்டெல் இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்கு முதல்வர். அத்தான் கட்டட எஞ்சினியர். ஒரு பெரிய நிறுவனத்தை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒற்றை அறை ஆபீஸ் திறந்து ஏழு மாதம் ஆகிறது.

சங்கம் போன இலையுதிர்காலத்தில் ஒரு பழைய சாம்பல்கல் வீட்டை வாங்கியிருந்தது. திறப்பு விழா அடுத்த சனிக்கிழமை. வீட்டின் பின்பக்கம் மூன்று மாடிக்கும் மூன்று தட்டாக மரமாடி, ஒன்றின்மேல் ஒன்று. விழாவுக்கு அது பாரம் தாங்கும் என்று ஓர் எஞ்சினியர் எழுதிக் கொடுக்க வேண்டும். எஞ்சினியர் சங்கத்துக்குள்ளேயே இருந்தார்.

மீன் இரண்டாவது ஈடு எண்ணெயில் விழுந்தபோது காரிசனும் வெண்டெலும் வந்தார்கள். காரிசன் கையில் கேரமல் கேக் பெட்டி.

"என்ன ஆறு, பாத்தாச்சா?" என்றார் காரிசன். வரிசையில் நின்ற எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "கையெழுத்துப் போடற எடத்துல மஞ்சத்தாள் ஒட்டிக் குடுத்தேனே. நீ தேடவே வேணாம்."

"பாத்தேண்ணே. கீழ்க்கால் ரெண்டு அடியில மக்கிப்போச்சு. குத்தூசி ரெண்டு விரல் ஆழம் போகுது. சுவத்தோட பலகையைப் புடிச்சிருக்கற போல்ட்டுல பாதி கையாலயே சுத்துது."

"நாப்பது வருஷமா நிக்குதுடா."

"நிக்குது. யாரும் அதுமேல ஆடல."

விழாவில் அந்த மாடி மேல் ஆடுவதாக இருந்த சங்கத்தின் காலடி ஆட்டம் அப்படிப்பட்டது. பாட்டு கிடையாது, மேளம் கிடையாது. பூட்ஸ்தான் மேளம். எல்லாரும் ஒரே நொடியில் மிதிக்க வேண்டும். ஒருவர் பிந்தினாலும் காதுக்குத் தெரிந்துவிடும்.

"யோசனை யாருது?" காரிசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோர்ட்டில் கேட்பது மாதிரியே கேட்டார். "போன நவம்பர்ல என் வீட்டுல, வான்கோழிக் காலைக் கையில வெச்சுக்கிட்டு யார் சொன்னது? மூணு தட்டு, தட்டுக்கு ஆறு பேரு, ஜனங்க முத்தத்துல நின்னு அண்ணாந்து பாக்கணும்னு?"

"நான்தான் சொன்னேன்."

"சத்தமா."

"நான்தாண்ணே சொன்னேன். அப்ப மாடியை நான் பாக்கல."

"எஞ்சினியர் சொன்னா பாத்துட்டுத்தான் சொல்லியிருப்பான்னு நெனைச்சோம்."

"அது என் தப்பு. அந்தத் தப்பை ஒத்துக்கறேன். அதுக்காகக் கையெழுத்து வராது."

வெண்டெல் இதற்குள் மூன்று துண்டு மீனை முடித்துவிட்டு காரச்சாறு பாட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தார். "தரையில ஆடினா என்ன அண்ணே? தரை மக்காது."

"அஞ்சு, நீ மீனைத் தின்னு. தரையில எந்தக் கிளை ஆடல? டெட்ராய்ட்டுலேருந்து ரெண்டு பஸ் வருது. செயின்ட் லூயிஸ்காரங்க மூணு மாசமா என்ன செய்யப் போறீங்க, என்ன செய்யப் போறீங்கன்னு நச்சரிக்கறாங்க. நாம நகரத்துக்கு வந்தப்ப ஆறு பேரு ஒரு அறையில படுத்தோம். இன்னிக்கு சொந்த வீடு. அந்த வீட்டு மேல நின்னு மிதிச்சாத்தான் வீடு நம்மளுது."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அத்தானின் முகத்திலும் அது தெரிந்தது. அவருக்கும் அந்த மூன்று தட்டு மேல் ஆட ஆசைதான். வாலுக்கு மேல்தட்டில் இடம், வலது ஓரம்.

"மிதிச்சா வீடு நம்மளுது, சரி," என்றாள் அக்கா. "கீழ நிக்கறவங்க யாருது?"

"ஷரீஸ், இது சங்கத்துப் பேச்சு."

"என் சமையலறையில பேசினா என் பேச்சு. சங்கத்துப் பேச்சை சங்கத்துல போய்ப் பேசுங்க. மீனையும் அங்கயே பொரிச்சுக்கங்க."

வெண்டெல் சிரித்தார். காரிசன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "ஆபீஸ் எப்படிப் போகுது தம்பி?"

"போகுது."

"தேவாலய மண்டப வேலை நடக்குதா?"

"வரைபடம் பாதி முடிஞ்சிருக்கு."

"பாஸ்டர்கிட்ட உன்னைப் பத்தி யாரு சொன்னது?"

"நீங்கதாண்ணே."

"நான் சொல்லிக் காட்டல."

"சொல்லிக் காட்டலைன்னா அடுப்புக்கிட்ட நிக்கற எனக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்றாள் அக்கா.

காரிசன் எழுந்தார். கேக் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கவே இல்லை. "புதன்கிழமைக்குள்ள கையெழுத்து வரணும், ஆறு. வரலைன்னா ஊர்ல வேற எஞ்சினியர் இருக்கான்."

"அவனை மாடி ஏறிப் பாக்கச் சொல்லுங்கண்ணே," என்றார் அத்தான். "கைப்பிடியைப் புடிக்காம ஏறச் சொல்லுங்க."

அவர்கள் போன பிறகு கேக்கைத் தின்றோம். நன்றாகவே இருந்தது.

புதன்கிழமை மழை வலுத்தது. காலையில் ரொட்டிக் கடை வேலையை முடித்துவிட்டு நான் வீட்டிலிருந்தேன். ஐந்து மணிக்கு வெண்டெல் மட்டும் வந்தார், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட. கோட்டுக்குள்ளேயிருந்து பிளாஸ்டிக் உறையில் ஒரு கடிதத்தை எடுத்தார்.

"உன் கையெழுத்து வேணாம்னு ஆயிடுச்சு. பெண்டர்னு ஒருத்தர். புறநகர்ல ஆபீஸ். ஏறிப் பாத்தாரு. நல்லா ரெண்டு மணி நேரம் பாத்தாரு."

அத்தான் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை பென்சிலால் ஓரத்தில் கணக்குப் போட்டார். அந்தப் பெண்டர் யாரோ பணத்துக்குக் கையெழுத்து விற்கிற ஆளாக இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அத்தான் தலையாட்டினார்.

"நல்ல வேலை. கீழ்க்காலோட அடியில செருப்பு மாதிரி இரும்புக் காப்பு போடச் சொல்லியிருக்காரு. போல்ட்டு புதுசு போடச் சொல்லியிருக்காரு."

"போட்டாச்சு. நேத்து ஆள் வந்து போட்டுட்டான்."

"அப்ப நிக்கறதுக்குத் தாங்கும். தட்டுக்கு முப்பது பேரு நிக்கலாம், சிரிக்கலாம், குடிக்கலாம்." கடிதத்தைத் திருப்பி வைத்தார். "ஆடப் போறோம்னு அவர்கிட்ட யாராவது சொன்னீங்களா?"

வெண்டெல் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார்.

"அஞ்சு."

"ஆட்டத்தை விழா நாள் வரைக்கும் வெளியாளுக்குச் சொல்றதில்ல. உனக்குத் தெரியாதா? செயின்ட் லூயிஸ்காரங்க காதுக்கு ஒரு வார்த்தை போச்சுன்னா அடுத்த மாசமே அவங்க ஒரு மாடியில ஏறி நிப்பாங்க. காரிசன் அண்ணன் வரவேற்பு நிகழ்ச்சின்னு சொன்னாரு."

"எஞ்சினியர்கிட்டயுமா?"

"எஞ்சினியர் வெளியாள்தானே?"

எனக்கு உடனே விளங்கவில்லை. நின்றால் தாங்கும் என்றால் ஆடினால் ஏன் தாங்காது என்று கேட்டேன். அத்தான் வரைந்து காட்டக் காகிதம் தேடினார். அதற்குள் அக்கா வந்துவிட்டாள். ஈர ஜாக்கெட்டைக் கதவில் மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"என் பஸ்ஸுல அறுபது பேரு நிக்கறாங்க. ஒண்ணுமில்ல. அறுபது பேரும் ஒரே நேரத்துல இடதுபக்கம் குதிச்சா? திரும்ப வலதுபக்கம் குதிச்சா? அதுவும் தாளத்தோட?"

"நீ என்ன செய்வ?" என்றார் வெண்டெல்.

"எல்லாரையும் எறக்கிவிட்டுருவேன். அதுல உன்னை முதல்ல."

"அதேதான்," என்றார் அத்தான். "பாரம் கீழ மட்டும் போகாது. பக்கவாட்டுல ஆட்டும். அந்த மாடிக்குப் பக்கவாட்டுல புடிமானமே கிடையாது, கட்டினவன் வைக்கல. ஒருத்தர் தாளம் தப்பினாத் தப்பிச்சோம். நாம தப்ப மாட்டோம். மூணு மாசமா உன் ஸ்கூல் ஜிம்முல தப்பாம ஆடப் பழகியிருக்கோம்."

அவர் போனை எடுத்துக் கடிதத்தின் தலைப்பில் இருந்த எண்ணை அழுத்த ஆரம்பித்தார். வெண்டெல் சட்டென்று எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டேய், வேணாம். நான் போயிடறேன், அப்புறம் பண்ணு. நான் இங்க இருந்தா நாளைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க."

"இரு."

"சங்கத்து ரகசியத்தை வெளியாளுக்குச் சொன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும். உக்காரு. ஷரீ, அவனுக்குக் காபி குடு."

ஒலிபெருக்கியில் போட்டார். பெண்டர் வயதானவர் குரலில் பேசினார். பின்னால் தொலைக்காட்சியில் கூடைப்பந்து ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் தன் பெயரையும் உரிம எண்ணையும் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க எழுதின மரமாடி மேல பதினெட்டு பேரு ஆடப் போறாங்க. தட்டுக்கு ஆறு. பூட்ஸ் போட்டு மிதிக்கற ஆட்டம். ஒரே தாளம். பன்னெண்டு நிமிஷம்."

கூடைப்பந்துச் சத்தம் நின்றது.

"மூணாவது மாடியிலயுமா?"

"மூணாவது மாடியிலயும்."

"வக்கீல் வரவேற்புன்னுதானே சொன்னாரு. தட்டுல பலகாரம் வெச்சுக்கிட்டு நிப்பாங்கன்னு நெனைச்சேன். நீங்க யாரு, பக்கத்து வீடா?"

"இல்ல ஐயா. மேல்தட்டுல வலது ஓரம் நிக்கப் போறவன்."

பெண்டர், கடிதத்தை இப்பவே வாபஸ் வாங்கிக்கறேன், காலையில வக்கீலுக்கு எழுத்துல போயிடும் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வெண்டெல் காபியைத் தொடவில்லை. "கேட்டுட்டேன், ஆறு. என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்லாத. அதுக்குத்தான் உன் முன்னாடி பண்ணேன்."

சனிக்கிழமை மழை இல்லை. காப்பீட்டுக்காரர்கள் கடிதம் இல்லாமல் மாடியில் யாரையும் ஏற்ற விடவில்லை. பதினெட்டு பேர் தரையில் ஆடினார்கள், ஈர முற்றத்தில் சேறு தெறிக்க. அத்தானின் இடத்தில் வேறு ஒருவர் நின்றார். அத்தான் சங்க ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, முதுகில் ஆறாம் எண் தெரிய, கூட்டத்தின் முன்வரிசையிலேயே நின்றார். ஒளிந்து நின்றிருக்கலாம். நானாக இருந்தால் ஒளிந்துதான் நின்றிருப்பேன். டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஒரு பெண்மணி வாத்துக்கறித் தட்டோடு பக்கத்தில் வந்து, "மாடியில ஆடப் போறாங்கன்னு சொன்னாங்களே, யாரோ பயந்தாங்கொள்ளி நிறுத்திட்டானாமே?" என்றாள்.

"இவர்தான் அந்தப் பயந்தாங்கொள்ளி," என்று அக்கா அத்தானின் தோளைத் தட்டினாள். "என் புருஷன். நல்லாப் பாத்துக்கங்க, ஊருக்குப் போய்ச் சொல்லணும்ல."

மரமாடி அன்றைக்கு அப்படியே நின்றது. இடிந்திருந்தால் எல்லாருக்கும் புரிந்திருக்கும். நின்றதால் அதுவே அத்தானுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. அடுத்த வாரம் தேவாலயத்திலிருந்து போன் வந்தது. மண்டப வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஆபீஸுக்குக் கையில் இருந்த மூன்று வேலையில் ஒன்று போயிற்று. அத்தான் அந்த வரைபடங்களைச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்தார்.

மே முதல் ஞாயிறு மாதக் கூட்டத்தில் விசாரணை. வெளியாட்கள் உள்ளே போக முடியாது. நானும் அக்காவும் சங்க வீட்டுக்கு எதிரே காரில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே நடந்ததை நான் கேட்கவில்லை. அத்தான் திரும்பி வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

இரண்டரை மணிக்கு வந்து பின்சீட்டில் ஏறினார். முழங்கால் முன்சீட்டில் இடித்தது.

"என்னாச்சு?" என்றாள் அக்கா.

"ரெண்டு வருஷம். கூட்டத்துல உக்காரக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது, ஆடக் கூடாது."

"வெண்டெல்?"

"எந்திரிச்சு உள்ளதைச் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. அழுதுக்கிட்டே சொன்னான், தடியன்."

"நீ?"

"ஆமா, சொன்னேன்னேன். மறுபடி அதே நிலைமை வந்தா என்ன செய்வேன்னு காரிசன் அண்ணன் கேட்டாரு. மறுபடி சொல்லுவேன், இன்னும் சீக்கிரமாச் சொல்லுவேன்னேன். மன்னிப்புக் கேட்டா ஆறு மாசமாக் குறைக்கறோம்னாங்க. வான்கோழி எலும்போட பேசினதுக்கு வேணும்னா கேக்கறேன்னேன். அது பத்தாதாம்." அவர் ஜாக்கெட்டின் பொத்தானைத் தடவினார். "இதைக் கழட்டிக் குடுத்துட்டுப் போன்னாரு. வந்து கழட்டிக்கங்கண்ணேன்னேன். அவரு வந்தாரு. தோள்பட்டை எட்டல."

அக்கா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை, முகத்தைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தவில்லை. "விட்டுத் தொலைப்பா. பதினஞ்சு வருஷம் போதும். அவங்களுக்கு நீ வேணாம்னா, உனக்கு அவங்க எதுக்கு?"

"என்னை வெளியே போகச் சொல்ல அவங்க யாரு? அந்த வரிசையில நானும் நின்னேன்."

தீர்ப்பு எழுதிய தாள் அவர் கையில் இருந்தது. நான் வாங்கிப் படித்தேன். காரிசன் எழுதியது, வக்கீல் எழுத்து. கடைசிப் பத்தியில், தண்டனைக் காலத்திலும் உறுப்பினர் மாதம் எட்டு மணி நேரம் சங்கத்தின் நலனுக்காக உடலுழைப்புச் செய்யக் கடமைப்பட்டவர், அதில் விலக்கு இல்லை என்று இருந்தது.

"பேசக் கூடாது, ஆனா பாத்திரம் மட்டும் கழுவணுமா?" என்றாள் அக்கா.

அத்தான் தாளைத் திரும்ப வாங்கினார். அந்தப் பத்தியை மட்டும் விரல் வைத்துப் படித்தார். "என்ன உழைப்புன்னு போடல," என்றார். "எப்பன்னும் போடல."

ஜூன் முதல் ஞாயிறு வெயில் சுள்ளென்று அடித்தது. பன்னிரண்டரைக்கே அத்தான் வாடகை வேனில் இரும்பு முட்டுக்கால்களையும் பலகைகளையும் ஏற்றிக்கொண்டு சந்து வழியாகச் சங்க வீட்டின் பின்பக்கம் வந்துவிட்டார். வரைபடத்தை நகராட்சியில் காட்டி வாங்கிய அனுமதிச் சீட்டைப் பின்கதவில் ஒட்டினார். கீழ்த்தட்டுக்கு ஒன்பது முட்டு கொடுத்து ஒவ்வொன்றையும் சம்மட்டியால் தட்டி இறுக்கினார். ஒன்றரை மணிக்கு ஏணியில் ஏறி முதல் பலகையின் அடியில் கடப்பாரையைக் கொடுத்தார். நாற்பது வருஷத்து ஆணி கழன்ற சத்தம் எதிர்ச் சந்து வரைக்கும் கேட்டது. அக்கா கழன்ற பலகைகளை வேலியோரம் அடுக்கினாள். நான் எண்ணினேன்.

உள்ளே கூட்டம் தொடங்கியிருந்தது. ஒன்று சேர்ந்து சொல்லும் உறுதிமொழி ஜன்னல் வழியாகக் கேட்டது. அத்தானுக்கும் கேட்டிருக்கும். அவர் உதடு அசைந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. கடப்பாரை நிற்கவில்லை. பதினோராவது பலகை விழுந்தபோது இரண்டாம் மாடி ஜன்னல் தடாலென்று திறந்தது. காரிசன் தலையை நீட்டினார். அவருக்குப் பின்னால் வெண்டெலின் நெற்றி தெரிந்தது.

"டேய்! கூட்டம் நடக்குது!"

"நடத்துங்கண்ணே," என்றார் அத்தான் நிமிராமல். "நான் உள்ள இல்லையே."

"யாரைக் கேட்டு இதைப் பிரிக்கற?"

"நீங்க எழுதினதுதாண்ணே. எட்டு மணி நேரம். ஒண்ணு முடிஞ்சிருக்கு."

"ஞாயித்துக்கிழமை, கூட்டம் நடக்கற நேரத்துலயா?"

"வார நாள்ல ஆபீஸ் இருக்கே. ஒவ்வொரு மாசமும் இதே ஞாயித்துக்கிழமை வருவேன். ரெண்டு வருஷத்துல மூணு தட்டையும் பிரிச்சு, பக்கவாட்டுப் புடிமானம் வெச்சுத் திரும்பக் கட்டி முடிச்சிருவேன். அப்புறம் நீங்க ஏறி ஆடுங்க, பன்னெண்டு நிமிஷம் இல்ல, ஒரு மணி நேரம் ஆடுங்க. அது வரைக்கும் கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

காரிசன் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அத்தான் கடப்பாரையைப் பன்னிரண்டாவது பலகைக்கு அடியில் செருகி, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தார்.